யோசிக்கும் பாதியும் கடத்தும் பாதியும்: மெய்நிகர் ரவுட்டர் இயங்கும் விதம்

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ரவுட்டருக்குள் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். அண்டை ரவுட்டர்களோடு பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் போன்ற நெறிமுறைகளில் பேசி, லட்சக்கணக்கான இணையப் பாதைகளைக் கணக்கிட்டு வைத்திருப்பது ரூட்டிங் எஞ்சின். அது எடுத்த முடிவின்படி ஒவ்வொரு பேக்கெட்டையும் (தரவுத் துண்டு) உரிய போர்ட்டில் அனுப்பிவைப்பவை, போர்ட்டுகளைத் தாங்கும் லைன் கார்டில் உள்ள தனிச் சிப்புகள். இந்த ரவுட்டரை, ஒரே கணினியில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் மேல் ஏற்றும்போது யோசிக்கும் பாதி ஏறத்தாழ அப்படியே வந்துவிடுகிறது. கடத்தும் பாதிக்குத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

ஜூனிப்பர் நிறுவனம் 2014இல் அறிவித்த விஎம்எக்ஸ், இந்தப் பிரிவை மறைக்காமல் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களாகவே தருகிறது. யோசிக்கும் பாதியான விசிபியில், ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்ட ஜூனோஸ் என்ற ரவுட்டர் மென்பொருள் ஓடுகிறது. கடத்தும் பாதியான விஎஃப்பியில், ஜூனிப்பரின் எம்எக்ஸ் ரவுட்டர் வரிசையின் டிரையோ சிப்புக்கான மைக்ரோகோடு (சிப்பை இயக்கும் அடிமட்ட நிரல்) சாதாரணக் கணினிகளின் எக்ஸ்86 செயலிக்கேற்ப மாற்றப்பட்டு லினக்ஸ் மேல் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் உள் பிரிட்ஜ் (மென்பொருளாலான இணைப்பு) இருக்கிறது. விசிபியில் லாகின் கேட்டதும் உள்ளே போய்ப் பார்த்தால் ஜிஇ-0/0/0 என்ற போர்ட் இருக்காது. விஎஃப்பி எழுந்து, உள் பிரிட்ஜ் வழியே விசிபியோடு இணைந்து, லைன் கார்டின் நிலையைக் காட்டும் 'ஷோ சேஸிஸ் எஃப்பிசி' என்ற கட்டளைக்கு 0ஆம் இடத்தில் 'ஆன்லைன்' என்று பதில் வந்த பிறகே அது தோன்றும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பழுது என்று எண்ணி ரீபூட் செய்தால் காத்திருப்பு மறுபடி தொடக்கத்திலிருந்து வரும்.

விசிபி தடையின்றி ஓடுவதற்குக் காரணம் செயலியே தரும் ஆதரவு. இன்டெல் 2005இல் கொண்டுவந்த விடி-எக்ஸ் வசதியைப் பயன்படுத்தி 2007இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தது. உள்ளே ஓடும் ஜூனோஸின் பெரும்பாலான கட்டளைகள் நேராகச் செயலியிலேயே நிறைவேறுகின்றன; தனிச்சலுகை தேவைப்படும் சில கட்டளைகளுக்கு மட்டும் ஹைப்பர்வைசர் குறுக்கிடுகிறது.

கடத்தும் பாதியின் சிக்கலைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஈதர்நெட்டில் பேக்கெட்டைச் சுமக்கும் உறையான ஃப்ரேம், மிகச் சிறியது 64 பைட். முன்னொட்டும் இடைவெளியும் சேர்ந்து கம்பியில் 84 பைட் இடம் பிடிக்கும். 10 கிகாபிட் இணைப்பு நிறைந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் ஃப்ரேம்கள், அதாவது ஒன்றுக்கு 67 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக் கோருக்கு அது ஏறக்குறைய 200 சுழற்சிகள்தான், கேச்சில் இல்லாத ஒரு தரவை ரேமிலிருந்து எடுத்துவரவே அவ்வளவு நேரம் போய்விடலாம். பேக்கெட் வரும்போதெல்லாம் கெர்னலை இன்டரப்ட்டால் (குறுக்கீட்டுச் சைகை) எழுப்புவது இங்கே கட்டுப்படியாகாது. அதனால்தான் டிபிடிகே என்ற மென்பொருள் தொகுப்பின் முறையில், சில கோர்கள் கெர்னலை ஒதுக்கிவிட்டு நெட்வொர்க் கார்டின் வரிசையை ஓயாமல் தாமே சோதித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பேக்கெட்கூட வராத நள்ளிரவிலும் ஹோஸ்டில் 'டாப்' கட்டளை அந்தக் கோர்களை 100 சதவீதம் என்று காட்டுவது இதனால்தான், அது கோளாறு அன்று. கோர்களை விஎஃப்பிக்கே ஒதுக்குவதும், 4 கிலோபைட் நினைவகப் பக்கங்களுக்குப் பதிலாக 1 கிகாபைட் ஹியூஜ் பேஜ் (பெரிய பக்கம்) கொடுப்பதும், நெட்வொர்க் கார்டு செருகியிருக்கும் அதே நூமா முனையின் (ஒரு செயலியும் அதற்கு அருகிலுள்ள ரேமும் சேர்ந்த தொகுதி) ரேமைத் தருவதும் இந்த 67 நானோநொடியைக் காப்பாற்றவே.

என்னைப் பொறுத்தவரை, வேகத்தைவிட அதிகம் ஏமாற்றுவது ரவுட்டர்களுக்கு இடையிலான 'கேபிள்'. பெரும்பாலும் அது ஒரு லினக்ஸ் பிரிட்ஜ். பிரிட்ஜ் என்பது ஸ்விட்ச், வெறும் கம்பி அன்று. பல கம்பிகளை ஒரே இணைப்பாகக் கட்டும் நெறிமுறை எல்ஏசிபி; 01-80-சி2-00-00-02 என்ற முகவரிக்குச் செல்லும் அதன் ஃப்ரேம்களை, தர விதிப்படி, அது மறுபக்கம் விடுவதில்லை. இரு பக்க கான்ஃபிகும் சரியாக இருந்தும் பண்டில் (கட்டிய இணைப்பு) எழாது. எந்தச் சிறப்பு ஃப்ரேம்களை விடலாம் என்று குறிக்கும், பிரிட்ஜ் முழுமைக்குமான குரூப் ஃபார்வர்டு மாஸ்க்கை மாற்றி, அண்டைக் கருவிகளை அறிய உதவும் எல்எல்டிபியைக் கடக்க விடலாம், எல்ஏசிபிக்கு அந்த வழி இல்லை. பிரிட்ஜை விட்டுவிட்டு, மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூவின் யூடிபி சாக்கெட்டால் இரு இயந்திரங்களையும் நேராக இணைத்தால் எல்லா ஃப்ரேம்களும் அப்படியே கடக்கும்.

அறுந்த கம்பியையும் இந்தப் பிரிட்ஜ் காட்டிக்கொடுக்காது. உண்மையான ஒளியிழை துண்டானால் இரு முனைகளும் உடனே அறியும். இங்கோ எதிர் ரவுட்டரையே நிறுத்தினாலும் இந்தப் பக்கத்து ஜிஇ-0/0/0 'அப்' என்றே நிற்கும். ஓஎஸ்பிஎஃப், அண்டையின் செய்திக்காகக் காத்திருக்கும் தன் வழக்கமான 40 நொடி தீரும்வரை பேக்கெட்டுகளை இல்லாத அண்டைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 300 மில்லிநொடிக்கு ஒருமுறை சோதனைச் செய்தி, மூன்று தவறினால் இணைப்பு போயிற்று என்று, அண்டை உயிரோடு இருக்கிறதா என விரைந்து சோதிக்கும் நெறிமுறையான பிஎஃப்டியை அமைத்தால், அந்த 40 நொடி ஏறத்தாழ 900 மில்லிநொடியாகச் சுருங்குகிறது.