பிழைக் குறியீடு அல்ல, தடங்கல் எண்

லண்டனில் பெரியம்மா வீட்டு மாடிப்படியில் ஸ்டேர்லிஃப்ட் பூட்டியிருக்கிறார்கள். சுவரோரம் ஒரு தண்டவாளம், அதில் ஏறி இறங்கும் நாற்காலி. போன மாதம் அது பாதி வழியில் நின்று சின்னத் திரையில் ஒரு எண்ணைக் காட்டியது. கூட வந்த தமிழ்க் கையேட்டைப் புரட்டினால் தலைப்பு ‘பிழைக் குறியீடுகள்’. அன்றிரவு போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?”

ஆங்கில ‘எரர் கோட்’டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இந்த ‘பிழைக் குறியீடு’ கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

‘எரர்’ லத்தீனிலிருந்து வந்தது. அலைதல், வழி தவறுதல் என்று பொருள். ‘கோட்’ என்பதன் மூலம் ‘கோடெக்ஸ்’: முதலில் மரக்கட்டை, பிறகு எழுதுபலகை, அப்புறம் சட்டத் தொகுப்பு. அவ்வளவுதான்.

நம் ‘பிழை’ வேறு ரகம். அதற்கு ஓர் ஆள் வேண்டும். ‘அரைசியல் பிழைத்தோர்க்கு’ என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்லும்போது குற்றவாளி கண்முன் நிற்கிறான். யாழ்ப்பாணத்துப் பள்ளியில் ‘சரி, பிழை’ போட்டு வளர்ந்தவருக்குப் பிழை என்றால் தான் செய்த தப்புதான். பெரியம்மா செய்தது ஒன்றுமில்லை. படியில் யாரோ வைத்த பை கால்பலகையின் ஓரத்தில் முட்டியிருக்கிறது. அங்கே உள்ள பாதுகாப்பு சுவிட்ச் அழுந்தினால் வண்டி நிற்க வேண்டும். நின்றது. ஒழுங்காக வேலை செய்த இயந்திரத்துக்குப் பிழைப் பட்டம்!

‘வழு’ என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். நன்னூல் வகுப்புக்கும் கணினி நிரலுக்கும் அது சரி. எண்பது வயதுக்காரருக்கு எந்த விதத்தில் உதவும்? ‘பழுது’, ‘கோளாறு’ இரண்டும் நல்ல புழக்கச் சொற்கள். ஆனால் பழுது என்றதும் கை மெக்கானிக்குக்குத்தான் போன் போடும். மேலே போய் இறங்குவதற்காகத் திருப்பிய இருக்கையை மீண்டும் நேராக்கிப் பூட்டாவிட்டாலும் எண் வரும். சார்ஜ் ஏறும் இடம் தவறி நிறுத்தினால் பீப் ஒலியோடும் வரும், ஏனென்றால் ஓட்டுவது பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள். இவற்றில் எது பழுது? பிரேக்கோ மோட்டாரோ கெட்டால் மட்டும் பழுது என்று எழுதட்டும், நான் மறுக்கவில்லை.

என் சொல் ‘தடங்கல்’. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று டிவி திரையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். யார் மீதும் பழியில்லை, எதுவும் உடைந்ததாகவும் அர்த்தமில்லை. ஓட்டம் நின்றிருக்கிறது, திரும்பத் தொடரும். திரையில் தெரிவது எண்தான், ஆகவே ‘தடங்கல் எண்’. குறியீடு எதற்கு? எண் என்றால்தான் அவர் அதை ஒரு தாளில் குறித்துவைத்துப் போனில் சொல்வார். ஒரே எண்ணுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறுவதால் அப்படிச் சொல்வது முக்கியம்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். அகராதியில் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கையேடு ஏறி உட்காருபவரைப் ‘பயனாளி’ என்கிறது, ஏதோ நலத்திட்ட உதவி வாங்க வரிசையில் நிற்பவரைப் போல. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.