ஹாஸ்டல் சாப்பாடும் 480 நாளும்

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரத்தில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று அவர்கள் சம்பள உயர்வு கேட்கவில்லை. ஹாஸ்டலில் சாப்பிட்ட பலர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. அது பொய் என்று நம்பும்படி யாரும் உடனே சொல்லவில்லை. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலையையும் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் எச்.ஆர். (மனிதவள நிர்வாகம்) வேலை பார்க்கும் நாங்கள் அந்தச் சம்பவத்தை இன்னும் பேசுவோம். ஏனென்றால் பல கம்பெனிகளில் ஹாஸ்டல், பஸ், கேன்டீன் மூன்றும் 'அட்மின் வேலை'. எச்.ஆர். மேசைக்கு வருவது வருகைப் பதிவு, லீவு, மெமோ, அப்ரைசல். ஆனால் ஷிப்ட் முடிந்து போகும் பெண்ணுக்கு ஹாஸ்டல் வார்டனும் கம்பெனிதான், பஸ் டிரைவரும் கம்பெனிதான். வார்டனை வைத்தது வேறு ஏஜென்சி என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

மனிதவள மேலாண்மையைப் பாதிக்கும் காரணிகள் எவை என்று கல்லூரியில் கேட்டால் சட்டம், பொருளாதாரம், தொழில்நுட்பம், தொழிற்சங்கம், பண்பாடு என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம். எல்லாம் சரிதான். அவை ஷாப் ஃப்ளோருக்கு எந்த வடிவத்தில் வந்து இறங்குகின்றன என்பதுதான் வேலைக்கு வந்தபின் கற்க வேண்டிய பாடம்.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது. நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம். நடைமுறையில் அதற்கு என்ன ஆனது? 480-ஐ நெருங்கும்போது 'பிரேக்' என்று சில நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது, வேறு கான்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுவது, டிரெய்னி என்று புதிதாகக் கடிதம் கொடுப்பது என்று ஒரு தனித் தொழில்நுட்பமே வளர்ந்துவிட்டது. எக்செல் தாளில் நாள் எண்ணுவது நாம் மட்டுமல்ல. தொழிலாளியும் கைபேசியில் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரே லைனில், ஒரே வேலையை, பாதிச் சம்பளத்துக்குச் செய்கிறவரிடம் 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று போஸ்டர் ஒட்டினால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

இப்போது விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படும் ஊழியருக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உரிமை உண்டு. இன்னொரு பக்கம், ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-க்கு உயர்ந்துவிட்டது. முதல் இரண்டையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற நிர்வாகங்கள் மூன்றாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தச் செய்தியைத் தொழிலாளி டீக்கடையில் கேட்டுக்கொள்கிறார், கூடுதல் மசாலாவோடு.

அடுத்தது சங்கம். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சாம்சங்கின் சுங்குவார்சத்திரம் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் இழுபறி எங்களை ஒரு சங்கமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதில்தான். உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கி, தொழிற்சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பெரம்பூர் மில் தொழிலாளர்களைத் திரட்டியபோது, மில் நிர்வாகம் நீதிமன்றம் போய் வாடியாவுக்குத் தடையாணை வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய கேள்விகள்தான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டன. சங்கம் வந்தால் கம்பெனி கெட்டுவிடும் என்று சொல்கிற மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேசுவதற்கு ஆள் இல்லாத ஆலையில் பிரச்சினை வெடித்தால் யாரிடம் போய் சமரசம் பேசுவது என்று அவர்கள் யோசிப்பதில்லை. எதிரே உட்கார ஒரு சங்கம் இருந்தால், கடினமாகப் பேசினாலும், கடைசியில் சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒருவர் இருப்பார்.

ஆலையின் சரக்கை வாங்குபவரின் கை இதையெல்லாம்விட நீளமானது. ஏற்றுமதி ஆலைகளில் வாங்குபவர் சார்பில் ஆடிட் (ஆய்வு) வருகிறது என்றால் கழிவறையில் புதுச் சோப்பு முளைக்கும், முதலுதவிப் பெட்டி நிரம்பும், 'கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்' என்று சூப்பர்வைசர் வகுப்பு எடுப்பார். ஆடிட்டர் போன மறுநாள் எல்லாம் பழையபடி. இதற்கு மாறாக ஒன்றும் நடந்திருக்கிறது. திண்டுக்கல் அருகே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, 2022-இல் அந்த ஆலையின் நிறுவனமும், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும், ஆடை பிராண்டான எச் அண்ட் எம் போன்ற வாங்குபவரும் சேர்ந்து திண்டுக்கல் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஆலைக்குள் புகாரைக் கவனிக்கிற வேலை தொழிலாளர்களிடமே வந்தது. ஆடிட்டர் வருடத்துக்கு ஒரு முறை வருவார். லைனில் பக்கத்து மெஷினில் இருப்பவர் தினமும் இருப்பார்.

வடமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் 2023 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதும் திருப்பூர் போன்ற ஊர்களில் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த ஒரு சூப்பர்வைசர் இருந்த ஷெட்டில் நிலைமை வேறாகவும், இல்லாத ஷெட்டில் வேறாகவும் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இளைய எச்.ஆர். நண்பர்களுக்கு ஒன்று. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழுவும், 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் புகாருக்கு உள்ளகக் குழுவும் சட்டப்படி இருக்க வேண்டும். ஃபைலில் இரண்டும் இருக்கும். அதில் உறுப்பினராக இருக்கிறவரைக் கேன்டீனில் நிறுத்தி, 'நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. கையெழுத்து வாங்கும்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், கான்ட்ராக்டில் சேர்கிறவர்களுக்கு: நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண்ணை வாங்கி, மாதாமாதம் பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று கைபேசியிலேயே சரிபாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் அந்தப் பொறுப்பு முதன்மை நிறுவனத்தின், அதாவது கான்ட்ராக்டரை வைத்த கம்பெனியின், தலையில் விழும். அந்தக் கேள்வியைக் கான்ட்ராக்டரின் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், கம்பெனி எச்.ஆரிடமே எழுத்தில் கேட்கலாம்.