தோனி கையும் உங்கள் பையன் கையும்

கோடை முகாம்கள் தொடங்கிவிட்டாலே எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு விரல் வீங்கிய பையன்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் விக்கெட் கீப்பர்கள். "எப்படிப்பா பட்டுச்சு?" என்று கேட்டால் பலரும் ஒரே மாதிரிதான் செய்து காட்டுவார்கள்: ஸ்டம்ப்பை ஒட்டி உட்கார்ந்து, கையைத் துளிகூடப் பின்னால் இழுக்காமல், பந்து பட்ட வேகத்திலேயே ஸ்டம்ப் மேல் இருக்கும் பெயில்ஸைத் தட்டுவது. யாரைப் பார்த்துக் கற்றது என்று கேட்கவே தேவையில்லை.

பேட்ஸ்மேன் கோட்டைத் தாண்டி வந்திருக்கும்போது கீப்பர் பெயில்ஸைத் தட்டி வெளியேற்றுவதுதான் ஸ்டம்பிங்; தோனி சர்வதேசப் போட்டிகளில் செய்தது 195. எல்லாக் கீப்பருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது, பந்தோடு சேர்ந்து கையும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும் என்பது. பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடினால் கையில் விழும் அடி குறையும். தோனி அந்தத் தூரத்தையே மிச்சம் பிடித்தார். அவர் கை பந்தை வாங்கும்போதே ஸ்டம்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அடியை உள்ளங்கையின் நடுவில் வாங்குகிறார், விரல் நுனி பந்துக்கு நேராக வருவதே இல்லை. டிவியில் நமக்குத் தெரிவது பெயில்ஸ் பறப்பது மட்டும்தான். பையன் அதைத்தான் காப்பியடிக்கிறான். பந்து கொஞ்சம் எகிறினால் அது நடுவிரல் நுனியில் போய் இடிக்கிறது.

இதில் இன்னொரு விஷயம், பந்தின் எடை. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விதிப்படி 133 முதல் 144 கிராம். பெரியவர்கள் ஆடுவது 155.9 முதல் 163 கிராம். பல முகாம்களில் சிறுவர்களுக்கும் பெரிய பந்தையே போடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் இதைக் கேட்கலாம், தப்பில்லை.

"அப்போ யாரைப் பார்த்துக் கத்துக்கணும் சார்?" என்பார்கள். நான் கோச் இல்லை. ஆனால் கைகளைப் பார்ப்பதே என் தொழில் என்பதால் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஸ்டம்பிங் எண்ணிக்கையை வைத்துக் கீப்பர்களை ஒப்பிடுவது வீண் வேலை. ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் 54 டெஸ்டில் 52 ஸ்டம்பிங் செய்தார். வெஸ்ட் இண்டீஸின் ஜெஃப் டூஜான் 81 டெஸ்டில் செய்தது வெறும் 5. டூஜான் மட்டம் என்று யாராவது சொல்வார்களா? ஓல்ட்ஃபீல்டுக்கு முன்னால் வீசியவர்கள் மெய்லி, கிரிம்மெட் மாதிரியான லெக் ஸ்பின்னர்கள். டூஜானுக்கு மார்ஷல், ஹோல்டிங், கார்னர் என்று வேகப்பந்து வீச்சாளர்கள். அவர் இருபது கஜம் பின்னால் நின்று பறந்தாக வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கை முக்கியம், இன்னொருவருக்குத் தொடையும் தோளும். கிரண் மோரே 1988 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில் ஒரே டெஸ்டில் 6 ஸ்டம்பிங் செய்தார் என்றால், எதிர்முனையிலிருந்து வீசிய நம் லெக் ஸ்பின்னர் ஹிர்வானி 16 விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பையன்களுக்கு நான் போட்டுக் காட்டுவது ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் வார்னே பந்துவீச்சுக்கு அவர்கள் கீப்பர் இயன் ஹீலி நின்ற வீடியோக்களை. அதிலும் கையைப் பார்க்காதே, காலையும் இடுப்பையும் பார் என்பேன். லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே விழும் பந்தை பேட்ஸ்மேனின் உடம்பு மறைத்துவிடும், கீப்பருக்குக் கண் தெரியாத ஒரு கணம் அது. ஹீலி அவசரப்பட்டு எழமாட்டார். பந்து தரையில் பட்டு எழும்போதுதான் அவரும் கூடவே எழுவார். அதற்குள் கால் நகர்ந்து தலை பந்தின் கோட்டுக்கு வந்திருக்கும். கை கடைசியில்தான் வேலை செய்யும். முன்கூட்டியே எழுந்துவிடுகிற பையன் தாழ்ந்து வரும் பந்துக்குத் திரும்பக் கையைக் கீழே குத்துவான், விரல் நுனி முன்னே போகும். எங்களிடம் வரும் காயங்களில் நிறைய இப்படி வந்தவைதான். சந்திரசேகரின் வேகமான கூக்ளிகளுக்கு நின்ற கிர்மானி, முரளிதரனுக்கு நின்ற பிரசன்ன ஜயவர்தன ஆகியோரிடமும் இதே பொறுமையைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் சுழலுக்குக் கீப்பிங் செய்வதில் பிரசன்னவுக்குக் கிடைத்த பெயர் போதாது.

இனி காயத்துக்கு வருகிறேன். பந்து பட்டபின் விரலின் கடைசிக் கணு மட்டும் தொங்கிப்போய், பையனால் தானாக நிமிர்த்த முடியவில்லை, ஆனால் நீங்கள் தூக்கிவிட்டால் நிமிர்கிறது என்றால், அது சுளுக்கு இல்லை. விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம், அல்லது எலும்புத் துணுக்கோடு பெயர்ந்திருக்கலாம். மேலட் ஃபிங்கர் என்போம். பெரிய வலி இருக்காது, அதுதான் வம்பே. எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள், சொடக்கு எடுக்கிறார்கள், ஒரு மாதம் கழித்துக் கூட்டி வருகிறார்கள். தயவுசெய்து நீவாதீர்கள், இழுக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்து, அறுவை தேவையில்லை என்றால் அந்த ஒரு கணுவை மட்டும் நேராக வைத்து, அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் போடுவோம். ஆறிலிருந்து எட்டு வாரம், இரவும் பகலும். குளிக்கக் கழற்றும்போதுகூட விரலை மேஜை மேல் நீட்டி வைத்தபடிதான் கழற்ற வேண்டும். நடுவில் ஒருமுறை மடங்கினாலும் கணக்கு திரும்ப முதல் நாளிலிருந்து. "சாப்பிடறப்ப மட்டும் கழட்டிட்டான் சார்" என்று அம்மாக்கள் சொல்லும்போது எனக்கு வரும் கோபத்தை அடக்கிக்கொள்வேன்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. விரல் நுனி தொங்குவதோடு நகத்தடியில் ரத்தமும் வந்து, நகம் வேரிலிருந்து மேலே ஏறியிருந்தால், உள்ளே எலும்பின் வளர்ச்சித் தட்டு உடைந்து வெளிக்காயமாகியிருக்கலாம். பேண்டேஜ் ஒட்டிவிட்டு இருக்காதீர்கள், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இரண்டு பெயர் போதும். 2000-இல் டாக்காவில் கும்ப்ளே பந்து இந்தியக் கீப்பர் சபா கரீமின் கண்ணில் பட்டது, அதன்பின் அவரது கீப்பிங் வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 2012-இல் இங்கிலாந்தின் டான்டனில் இம்ரான் தாஹிர் பந்தில் ஸ்டம்ப் சிதறி, பெயில் தெறித்து தென்னாப்பிரிக்கக் கீப்பர் மார்க் பௌச்சரின் இடது கண்ணில் பட்டது. டெஸ்டில் மட்டும் 555 பேரை வெளியேற்றியவர், மறுநாளே ஓய்வு அறிவித்தார். இரண்டுமே லெக் ஸ்பின்னர் வீசிய பந்து, வேகப்பந்து இல்லை. ஸ்பின்னுக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்கும் கோச்சிடம் இதைச் சொல்லுங்கள்.

கிளவுஸையும் கையோடு கொண்டு வரச் சொல்வேன். அண்ணனுடைய பழைய கிளவுஸ், உள்ளே போடும் மெல்லிய இன்னர் கிளவுஸ் இல்லை, விரல் நுனிக்கு முன்னால் ஒரு அங்குலம் காலி. இப்படித்தான் பல வந்து சேர்கின்றன.

கடைசியாக எல்லா அப்பாக்களும் கேட்பது: "எப்ப சார் திரும்ப ஆடலாம்?" பேட்டிங் வேறு, கீப்பிங் வேறு. 2025 ஜூலையில் லார்ட்ஸில் பும்ரா பந்தை லெக் சைடில் பாய்ந்து பிடிக்கப் போய் ரிஷப் பண்ட் இடது ஆள்காட்டி விரலில் அடி வாங்கினார். அதே டெஸ்டில் பேட் பிடித்து 74 அடித்தார், கீப்பிங்கை ஜுரெல்தான் பார்த்துக்கொண்டார். ஸ்பிளின்ட் காலம் முடிந்து, விரல் தானாக நிமிர்ந்து, முஷ்டி முழுதாக மடங்கிய பிறகு முதலில் டென்னிஸ் பந்து, அப்புறம்தான் ஸ்டிச் பால், அதாவது தோல் பந்து. பள்ளி டோர்னமென்ட் அடுத்த வாரம் என்றாலும் என் பதில் இதுதான்.