தள்ளுபடி போட்டால் விலைவாசி ஏறுமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பிள்ளைகளின் சாண்ட்விச்சுக்கு டெலி கவுண்டரில் வான்கோழி இறைச்சியைச் சீவித் தரச் சொல்லி வாங்குவாராம். "போன மாதம் பாதி விலை, இந்த மாதம் மறுபடி பழைய விலை. சிகாகோவில் என் தங்கைக்கு வேறு விலை. இதை வைத்துக்கொண்டு விலைவாசி இவ்வளவு ஏறியது என்று எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்?"

அமெரிக்காவில் இது தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் வேலை. எழுபதுக்கும் மேற்பட்ட நகர்ப்பகுதிகளில் மாதாமாதம் உணவுப் பொருள்களின் விலை எடுக்கிறார்கள். விலை எடுப்பவர் "ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி) என்ன விலை?" என்று மொட்டையாகக் கேட்க மாட்டார். எந்தக் கடை, எந்த பிராண்டு, எலும்பு நீக்கியதா, பொட்டலமா, கவுண்டரில் சீவியதா, எடை எவ்வளவு என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். அடுத்த மாதமும் அதே பொருளின் முன்னால் போய் நிற்க வேண்டும். 16 அவுன்ஸ் பொட்டலம் சத்தமில்லாமல் 14 ஆகியிருந்தால், விலைச்சீட்டு மாறாவிட்டாலும் அது 14 சதவீத விலையேற்றம்தான்.

சரி, விலைகள் வந்து சேர்ந்துவிட்டன. சராசரி எடுக்க வேண்டியதுதானே? இங்கேதான் வேடிக்கை.

வான்கோழி, ஹாம் இரண்டும் பவுண்டு 10 டாலர் என்று வையுங்கள். இந்த மாதம் வான்கோழிக்கு மட்டும் பாதி விலை. இந்த மாத விலையைப் போன மாத விலையால் வகுத்தால் வரும் விலை விகிதங்கள் 0.5, 1. கூட்டி இரண்டால் வகுத்தால் 0.75. விலைவாசி 25 சதவீதம் இறங்கியது. அடுத்த மாதம் தள்ளுபடி முடிந்து, 5 டாலர் மறுபடி 10 ஆகிறது. இப்போது விகிதங்கள் 2, 1. சராசரி 1.5. இரண்டு மாதத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 0.75 × 1.5 = 1.125. இரண்டு இறைச்சியும் அதே 10 டாலரில் கிடக்கின்றன, கணக்கோ 12.5 சதவீதம் ஏறிவிட்டது என்கிறது! இப்படி நாலு தள்ளுபடி வந்துபோனால் 60 சதவீதம். யார் பையிலிருந்தும் ஒரு காசு கூடுதலாகப் போகவில்லை.

கோளாறு கூட்டலில் இருக்கிறது. பாதியாவதும் இரட்டிப்பாவதும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டியவை. கூட்டலுக்கோ முதலாவது அரை அடி இறக்கம், இரண்டாவது ஒரு முழு அடி ஏற்றம். அதனால் கூட்டாதீர்கள், பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். முதல் மாதம் √0.5, அடுத்த மாதம் √2. இரண்டையும் பெருக்கினால் அச்சு அசலாக 1. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பெருக்குச் சராசரிதான் இது. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்த அன்று காகிதத்தைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை எனக்கு.

கூட்டுச் சராசரி வழியை 1764இல் இத்தாலியப் பொருளியலாளர் கார்லி தொடங்கிவைத்தார். பெருக்குச் சராசரியை 1863இல் இங்கிலாந்தின் பொருளியலாளர் ஜெவன்ஸ் கொண்டுவந்தார். அமெரிக்கா பெரும்பாலான பொருள்களுக்கு இதற்கு மாறியது 1999 ஜனவரியில். ஒரு வர்க்கமூலத்துக்கு 136 வருஷம்! இந்தியாவும் 2012ஆம் ஆண்டு விலைகளோடு ஒப்பிடும் கணக்கு வரிசையில் இந்த வழிக்கு வந்தது. பிரிட்டனின் பழைய சில்லறை விலைக் குறியீட்டெண் (விலைவாசி எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்) கார்லியின் வழியை விடாததால் 2013இல் தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியையே இழந்தது. ஆனாலும் அந்த அரசின் விலைவாசி சார்ந்த கடன் பத்திரங்களுக்கு இன்றும் அதை வைத்துத்தான் பணம் தருகிறார்கள்.

அப்புறம், சிகாகோ தங்கை. வடகிழக்கு, மத்திய மேற்கு, தெற்கு, மேற்கு என்று வட்டாரக் குறியீட்டெண்களும் வெளியாகின்றன. அக்காவின் நியூ ஜெர்சி வடகிழக்கில், தங்கையின் சிகாகோ மத்திய மேற்கில். வடகிழக்கின் எண் பெரிதாக இருந்தால் அங்கே இறைச்சி விலை அதிகம் என்று அர்த்தமில்லை. கதவு நிலையில் கோடு போட்டு இரண்டு பிள்ளைகளின் வளர்த்தியை அளக்கிறோம். போன கோட்டிலிருந்து யார் அதிகம் வளர்ந்தார்கள் என்பதுதான் கேள்வி, யார் நெட்டை என்பதல்ல. அக்காவும் தங்கையும் ஒப்பிட வேண்டியது டாலர் விலையை.

தொலைநோக்கிக்குப் பணம் ஒதுக்கினால் பத்திரிகையில் படம் வரும். கடை கடையாகப் போய்ப் பொட்டலத்தின் எடையைப் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் எந்த அரசுக்கும் கை வராது. 2025இல் ஆள் போதாமல் லிங்கன், ப்ரோவோ, பஃபலோ ஆகிய மூன்று ஊர்களில் விலை எடுப்பதையே நிறுத்தினார்கள். அந்த அக்டோபரில் அரசு அலுவலகங்கள் முடங்கியபோது யாரும் கடைக்குப் போகவில்லை. அக்டோபர் ஹாமின் விலையை நவம்பரில் போய் எடுக்க முடியுமா? அந்த மாதக் குறியீட்டெண் வெளிவரவே இல்லை. அட்டவணையில் அந்தக் கட்டம் காலி.