"பிறகு சொல்லுறன்"

மாங்குளம் சந்தியில் பஸ் ஏறினாலே அந்தப் பையன் அழத் தொடங்கிவிடுவான். ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. "பஸ் எண்டால் பயம், மிஸ்" என்றார் தாய். விசாரித்துப் பார்த்தால், அவனை முதன்முதலில் பஸ்ஸில் கூட்டிப்போனது வவுனியா ஆஸ்பத்திரிக்கு. அங்கே இரத்தம் எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கோயிலுக்குப் போனாலும் மாமா வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு அது ஊசிதான். எங்கே போகிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி, கோயில், மாமா வீடு, கடை நான்கையும் போனில் படமெடுத்து வைத்து, புறப்படும் முன் ஒன்றைக் காட்டச் சொன்னேன். ஊசி போடப் போவதென்றால் அதையும் காட்டத்தான் வேண்டும், ஏமாற்றக் கூடாது. சில வாரங்களில் ஆஸ்பத்திரி நாளில் மட்டும் அழுதான். அது நியாயமான அழுகை!

காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். அதனால் வீட்டில் எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். குசினியில் அம்மம்மாவும் சித்தியும் கதைப்பதைக் காதில் வாங்கியே மற்றப் பிள்ளைகள் பாதி உலகத்தைப் படித்துவிடுவார்கள். இந்தப் பிள்ளையோ எல்லோரும் சிரிக்கும்போது தாயின் சட்டையைப் பிடித்து இழுக்கும். "பிறகு சொல்லுறன்" என்று கையசைப்பார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. காதில் மாட்டும் கருவி பழுதாவதைவிட இதைத்தான் நான் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். இரண்டு சைகையிலாவது உடனே சொல்லிவிடுங்கள்: மாமா, விழுந்தார். போதும், அவனும் சிரிப்பான்.

வன்னியில் இன்னொரு சிக்கல். 2009இல் ஷெல் விழுந்து காது போனவர்கள் இங்கே ஊருக்குள் இருக்கிறார்கள். "அவர் நல்லாக் கதைக்கிறாரே, இவன் ஏன் கதைக்கிறானில்லை?" என்று ஒப்பிடுவார்கள். அவருக்கு மொழி வந்த பிறகுதான் காது போனது. இவனுக்கு மொழியே இனித்தான் வரவேண்டும்.

உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வான் என்று நம்பியிருக்கவும் முடியாது. கண்ணாடி முன் நின்று 'பணம்', 'மணம்' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். அம்மம்மா வாயில் வெற்றிலை இருந்தால் அதுவும் போச்சு. கதைக்கும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் பிள்ளைக்குத் தெரிவது உங்கள் நிழல்தான்.

"கை காட்டிப் பழகினால் வாய் திறக்க மாட்டான்" என்ற பயம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. சைகை பேச்சைத் தடுப்பதில்லை. மீசையைத் தடவினால் அப்பா என்று வீட்டில் ஒரு சைகை இருந்தால், அதையே அம்மம்மாவும் அண்ணாவும் காட்டட்டும். அதோடு நிற்காமல், காது கேளாத பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் சைகை மொழியைப் படியுங்கள். பிள்ளையோடு சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

போன மாதம் அந்தத் தாய் வந்திருந்தார். பையன் செருப்பையும் போட்டுக்கொண்டு படலையடியில் நின்று, போனில் கடையின் படத்தைத் தானே எடுத்துக் காட்டினானாம். "ஐஸ்கிறீம் கேக்கிறான், மிஸ்" என்றார்.