கோடெக்: எம்பி4 என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்

தங்கை தன் தையல் வகுப்புக்கு ஓர் இணையதளம் போட்டாள். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுவதைக் கைப்பேசியில் எடுத்து அதில் ஏற்றினாள். அவள் போனில் அழகாக ஓடிய அதே வீடியோ என் கணினியில் கத்தரியின் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தது, படம் முழுக்கக் கறுப்பு. "எம்பி4 தானே அண்ணா, எல்லாத்துலயும் ஓடணுமே" என்றாள்.

எம்பி4 என்பது டப்பா. நல்ல தமிழில் கொள்கலன். படம் ஒரு பொட்டலம், ஒலி ஒரு பொட்டலம் என்று அதற்குள் இருக்கும். அந்தப் பொட்டலத்தை எப்படிக் கட்டியிருக்கிறது, எப்படிப் பிரிப்பது என்பதுதான் கோடெக். அவள் போன் எச்.265 முறையில் கட்டியிருந்தது, என் உலாவிக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோடர் (கட்டுவது), டீகோடர் (பிரிப்பது) இரண்டின் தலைகளையும் வெட்டி ஒட்டிய சொல்தான் கோடெக். மோடம் என்ற சொல் பிறந்ததும் இதே மாதிரிதான். கோடரில் உள்ள கோட் என்பதன் வேர் லத்தீன் கோடெக்ஸ். அந்த லத்தீன் சொல்லின் பழைய பொருள் அடிமரம். மரப்பலகையில் மெழுகு பூசி எழுதினார்கள், பலகைகளைச் சேர்த்துக் கட்டியது புத்தகம் ஆயிற்று, பிறகு சட்டத் தொகுப்பு, அப்புறம் குறியீடு. பனையோலையிலிருந்து நமக்கு ஏடு வந்த வழியும் இதற்குப் பக்கத்து வழிதான்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? குறியாக்கி என்றால் ரகசியமாகப் பூட்டி வைப்பது என்று பலர் நினைத்துவிடுவார்கள், குறியாக்கம் என்ற சொல்லை அதற்கும் பயன்படுத்துகிறோமே. வீடியோவில் நடக்கும் வேலையைப் பாருங்கள்: 1920×1080 அளவில் ஒரு சட்டகம், அதாவது வீடியோவின் ஒரு தனிப்படம், சுருக்காமல் இருந்தால் சுமார் 62 லட்சம் பைட்டு, நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு நொடிக்கே 155 மெகாபைட்டைத் தாண்டும். அதைச் சுருக்கி அனுப்பி அந்தப் பக்கம் விரிப்பதால் நான் சுருக்குவிரிப்பான் என்றே எழுதுகிறேன். கதையைச் சுருக்கிச் சொன்னால் விட்டது விட்டதுதான் இல்லையா, இங்கேயும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாததை விட்டுவிடுகிறார்கள், விரித்தாலும் அது திரும்பாது. அதனால் சொல் இன்னும் பொருந்துகிறது.

தங்கைக்கு எச்.264 சுருக்குவிரிப்பானில், ஏஏசி என்ற முறையில் சுருக்கிய ஒலியோடு, எம்பி4 கொள்கலனில் மாற்றிக் கொடுத்தேன். 2003-இல் வந்த பழைய முறைதான், ஆனால் பழைய போனில்கூட ஓடும். கூடவே 2018-இல் வெளியான ஏவி1 முறையில் வெப்எம் கொள்கலனில் இன்னொரு பிரதியும் செய்தேன். அதே தரத்துக்கு அது இன்னும் சிறிய கோப்பாக வரும், சுருக்கத்தான் நேரம் பிடிக்கும். பக்கத்தின் நிரலில் வெப்எம்மை மேலேயும் எம்பி4-ஐக் கீழேயும் எழுதி, எதற்குள் எந்தச் சுருக்குவிரிப்பான் என்பதையும் குறித்துவிட்டால், உலாவி மேலிருந்து பார்த்துத் தன்னால் முடிந்த முதல் கோப்பை எடுத்துக்கொள்ளும்.

இப்போது என் கணினியிலும் கத்தரி துணிமேல் நகர்வது தெரிகிறது.