கிரானைட் வேறு, கருங்கல் வேறு

'இளஞ்சிவப்புக் கருங்கல் தூண்கள்' என்று ஒரு மொழிபெயர்ப்பு. மூலத்தில் இருந்தது பிங்க் கிரானைட். கிரானைட் என்றாலே கருங்கல் என்று எழுதிப் பழகிய கை, ஒரே கல்லைச் சிவப்பாகவும் கருப்பாகவும் ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. இப்படி எத்தனை முறைதான் படிப்பது?

கிரானைட் என்பது இத்தாலிய 'கிரானிட்டோ'. அதன் வேர், தானிய மணியைக் குறிக்கும் லத்தீன் 'கிரானும்'. மணிமணியான கல் என்பதே பொருள். நிறத்துக்கு அதில் இடமே இல்லை. நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது கனிமங்கள் கண்ணுக்குத் தெரியுமளவு வளர்வதால்தான் அந்த மணிகள். அதே குழம்பு வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் ரயோலைட் என்ற பொடிமணிப் பாறை.

பாறையியலின் கணக்கு கறாரானது. குவார்ட்ஸையும் பெல்ட்ஸ்பார் என்ற கனிம வகைகளையும் மட்டும் சேர்த்து நூறு என்று வைத்தால், குவார்ட்ஸ் 20 முதல் 60 வரை இருக்க வேண்டும். பெல்ட்ஸ்பார்களுக்குள் பிளேஜியோகிளேஸ் என்ற வகையின் பங்கு 10 முதல் 65 விழுக்காடு. இவற்றோடு கொஞ்சம் காக்காப்பொன், சிலவற்றில் ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமம். குவார்ட்ஸ் வேறொன்றுமில்லை, நம்மூர் வெங்கச்சங்கல். வெளிர்க் கனிமங்களே மிகுதி என்பதால் கல்லும் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என்றே பெரும்பாலும் இருக்கும்.

அப்படியானால் கருங்கல் எது? பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெட்டியது சார்னோக்கைட். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பாரோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கருங்கனிமம் கலந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவிலுள்ள கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் பாறை ஆய்வாளர் ஹாலண்ட் வைத்த பெயர் அது. (அது பாறைக்குழம்பு ஆறி உண்டான தீப்பாறையா, உருமாறிய பாறையா என்ற சண்டை தனி.) கிருஷ்ணகிரிப் பக்கம் 'பிளாக் கிரானைட்' என்று விற்பதில் பெரும்பாலானது டோலரைட் என்ற கரும்பாறை: பிளேஜியோகிளேஸும் பைராக்சீன் என்ற கருங்கனிமமும்தான், குவார்ட்ஸ் இருந்தாலும் மிகச் சொற்பம். மெருகேறும் கடினக் கல் எல்லாமே வியாபாரிக்குக் கிரானைட். அவர் விற்கட்டும், பாடநூல் ஏன் அவர் பின்னால் போக வேண்டும்?

'கரு' என்பதற்கு வலிமை என்றும் பொருளுண்டு, 'கருங்கை' என்றால் வலிய கை, ஆகவே கருங்கல் சரிதான் என்று வாதிடுவார்கள். இருக்கட்டும். வலிய கல் என்றால் டோலரைட்டும் வலியது, எரிமலைக் குழம்பு ஆறிய பசால்ட்டும் வலியது. அப்போதும் அது கிரானைட்டின் பெயராகாது, பொதுப்பெயர்தான். கொத்தனார் அந்தப் பொருளில்தான் சொல்கிறார். அவரிடம் பிழையே இல்லை.

பிழை எங்கே கடிக்கிறது என்றால், பசால்ட்டையும் கருங்கல் என்று எழுதும்போது. கண்டங்களின் மேலோடு பெரிதும் கிரானைட்டை ஒத்தது, கடலடி மேலோடு பசால்ட்டாலானது என்பது புவியியலின் அரிச்சுவடி. கிரானைட்டில் சிலிக்கா 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். பசால்ட்டில் 45 முதல் 52 தான், கனிமங்களும் பிளேஜியோகிளேஸ், பைராக்சீன், சிலவற்றில் ஆலிவின் என்று வேறாகிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் 'கண்டம் கருங்கல், கடலடியும் கருங்கல்' என்றாகும். மாணவன் எதைப் புரிந்துகொள்வான்?

வேரை ஒட்டி 'மணிக்கல்' எனலாமே என்பாருண்டு. மணி என்றால் நமக்கு முதலில் மாணிக்கமும் முத்தும்தான் நினைவுக்கு வரும், நகைக்கடைக் கல்லாகிவிடும். தனித்தமிழ் ஆர்வலர் கோபித்தாலும் சரி, கிரானைட் என்றே எழுதுவது தெளிவு. இக்னியஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தீப்பாறை இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அதைப் போய் 'எரிமலைப் பாறை' ஆக்குவது இன்னொரு அபத்தம். கிரானைட் எரிமலை வாயைப் பார்த்ததே இல்லை.

கையிலுள்ள கல் எதுவென்று தெரியாவிட்டால் புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள். வெயில் மழை பட்ட தோலும், எண்ணெய் தேய்த்த மெருகும் ஏமாற்றும். பத்து மடங்கு லென்ஸ் போதும். கண்ணாடிச் சில்லுபோல, தட்டை முகமின்றி, கத்தி கீறாதது குவார்ட்ஸ். தட்டையாக உடைந்து பளிச்சிடுவது பெல்ட்ஸ்பார். ஊசிமுனையில் ஏடாக உரிவது காக்காப்பொன். குவார்ட்ஸ் மணியே கண்ணில் படாவிட்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது கிரானைட் இல்லை.